பச்சை அடிக்காத கதவு

மார்ச் 11, திங்கள்

மாளிகைப் பெயின்டர் ஆல்ஃபி ஸ்டிக்லண்ட் ஏணியும் பெயின்ட் டப்பாக்களுமாக வந்து இறங்கிவிட்டான். தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். கதவு, ஜன்னல் சட்டம், வேலிக் கதவு எல்லாவற்றுக்கும் மறுபடி பச்சை. இந்த ஊரில் மாளிகைக்குச் சொந்தமான வீடு என்றால் பச்சைதான், அதுவும் அந்த ஒரே பச்சைதான். என் வீட்டுக்காரர் டெட் இருந்தபோது ஒருமுறை கோழிக்கூட்டுக் கதவுக்கு ஆசையாகச் சிவப்பு அடித்தார். அந்த வாரம் முடிவதற்குள் மேனேஜர் வந்து நின்றுவிட்டார். கோழிகளுக்கும் பச்சைதான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதானே அடிப்பார்கள்? போன தடவை அடித்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. லிட்டன்கோம் மாளிகை எதையாவது நேரத்துக்கு முன்னால் செய்ததாகச் சரித்திரமே கிடையாது. என் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் அதற்கு அடுத்த மழைக்காலத்தில் வந்து பார்ப்பார்கள். திடீரென்று என்ன அக்கறை?

பக்கத்து வீட்டு மேவிஸிடம் கேட்டேன்.

"உனக்கு எதுலடி சந்தேகம் இல்ல? டிவிக்காரங்க மறுபடி வராங்களாம். அதுக்குப் பளபளன்னு இருக்க வேணாமா?"

இருக்கலாம். மாளிகையில் அந்த சீரியல் எடுத்ததிலிருந்து எல்லாமே அதற்காகத்தான். போன வருஷம்கூட மாளிகை டீக்கடையில் ஒரு அம்மாள் என்னிடம், சீமாட்டி உருண்டு விழுந்த மாடிப்படி எங்கே என்று கேட்டாள். அந்தச் சீமாட்டியும் கிடையாது, அந்த மாடிப்படியும் கிடையாது, அது லண்டன் பக்கம் ஒரு கொட்டகையில் பலகை அடித்துச் செய்தது என்று சொன்னேன். என்னவோ நான்தான் தள்ளிவிட்டதுபோல முறைத்தாள்.

மார்ச் 14, வியாழன்

ஆல்ஃபி மேவிஸ் வீட்டை முடித்தான். ஏணியை மடக்கினான். வண்டியில் ஏற்றினான்.

"என்ன ஆல்ஃபி, என் வீடு கண்ணுக்குத் தெரியலையா?"

"எனக்குச் சொன்னது ஆறு வீடு, ஹெட்டியம்மா."

"தெருவுல ஏழு இருக்கே."

"எண்ணத் தெரியும் எனக்கு. சொன்னது ஆறு."

ஆறு. ஏழில் ஆறு. விட்டது என்னுடையது.

மார்ச் 15, வெள்ளி

மேனேஜர் டென்ஷமை தபால் நிலைய வாசலில் பிடித்தேன். தன் பூட்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு பேசினார். "உங்களுத அப்புறம் பாத்துக்கலாம், மிஸஸ் டாமர்."

அந்த மாளிகையில் முப்பத்தோரு வருஷம் வீட்டு நிர்வாகியாக இருந்தவள் நான். அவர்களுடைய 'அப்புறம்' எனக்குத் தெரியாதா? சமையலறைக்குப் புது அடுப்பு 'அப்புறம்'. கிழட்டுத் தோட்டக்காரனுக்கு வேறு இடம் 'அப்புறம்'. அடுப்பு வரவே இல்லை. தோட்டக்காரன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், மனதில் வைத்துக்கொண்டு புழுங்குவதைவிட. இந்த வீடு டெட்டின் வேலையோடு வந்தது. காடு பார்க்கிறவனுக்கு மாளிகை தரும் வீடு. டெட் போனதும் நான் காலி செய்திருக்க வேண்டும். சவ அடக்கத்தன்று மாளிகைக்காரர் சர் ரால்ஃப் கோயில் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கற வரைக்கும் அது உங்க வீடுதான், மிஸஸ் டாமர்" என்றார். அவ்வளவுதான். வாய்ச்சொல். அந்த வாய் இப்போது குடும்பக் கல்லறையில் இருக்கிறது. அவர் மனைவி, மாளிகையம்மா, அப்போது பக்கத்தில்தான் நின்றாள். காதில் விழுந்ததா? விழுந்தாலும் ஞாபகம் இருக்குமா? ஞாபகம் இருந்தாலும் சொல்வாளா?

ஒரு வீட்டுக்குப் பச்சை அடிக்கவில்லை என்றால் அது இனி மாளிகை வீடு இல்லை என்று அர்த்தம். வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? பழைய பள்ளிக்கூடத்தை விற்றார்களே, முதலில் நின்றது பெயின்ட்தான்.

நேராகப் போய்க் கேட்டுவிடலாம். கேட்டால் பதில் வரும். அதுதான் பயம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து மாளிகை திறந்தது. இரண்டு பஸ் நிறையக் கூட்டம். வாரம் மூன்று நாள் டீக்கடை இனி என் தலையில். எல்லோரும் தெருவில் இறங்கிப் பச்சைக் கதவுகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் வாசலில் யாரும் நிற்கவில்லை. ஒருத்தி மட்டும் நின்றாள். காலணியில் ஒட்டியதைத் துடைப்பதற்காக.

ஏப்ரல் 10, புதன்

மாளிகையம்மா சீமைமாதுளைப் பாகு ஒரு ஜாடி கொடுத்தனுப்பியிருக்கிறாள். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஜாடி வந்ததில்லை. அந்தப் பாகைக் கிளறியதே நான்தானே!

திறக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று நடந்ததை நம்ப முடியவில்லை. மாளிகையம்மாவே என் வீட்டுக்கு வந்தாள். முன்வாசல் கதவைத் தட்டினாள். எங்கள் தெருவில் யார் முன்கதவைத் திறக்கிறார்கள்? சவப்பெட்டி வெளியே போகத்தான் அது. ஈரத்தில் ஊதிப்போய் இறுகியிருந்தது. நான் உள்ளிருந்து இழுக்க, அவள் வெளியிலிருந்து தோளால் இடிக்க, ஒருவழியாகத் திறந்தது. லேடி ரோசமண்ட் ஆவரில் தோளால் கதவை இடிப்பதைப் பார்க்க டெட் இல்லாமல் போய்விட்டார்.

உட்கார்ந்தாள். சீரகக் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள். பிறகு ஆரம்பித்தது விசாரணை.

"இந்தப் படி ரொம்பச் செங்குத்தா இருக்கோ?"

"பழகிடுச்சு மேடம்."

"காலைல வெயில் எந்தப் பக்கம் வரும்?"

"சமையலறைப் பக்கம்."

"வெந்நீர் சீக்கிரம் வருதா?" எழுந்து போய்க் குழாயைத் திருகியே பார்த்துவிட்டாள்! "மேல அந்தச் சின்ன ரூம்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"தையல் மெஷின், மேடம்."

"ஓ. தையல் மெஷின் மட்டும்தானா?"

மட்டும்தான். வேறு என்ன வைத்திருக்கிறேன் என்று நினைத்தாள்? போகும்போது என் கையை ஒரு தட்டுத் தட்டினாள். மாட்டை வாங்க வந்தவன் முதுகைத் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

விற்கப்போகிறாள். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 27, சனி

மாளிகையம்மாவின் மகன் பியர்ஸ் லண்டனிலிருந்து வந்திருக்கிறான். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்தானாம். ஈரம் பார்க்கிறவன் எதற்கு அளவு நாடா கொண்டுவருகிறான்? மாடியில் சின்ன ரூமில் நின்று போனில் பேசியது கீழே என் காதில் விழுந்தது. காதை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தேன், அதனால் விழுந்தது.

"கட்டில் போகாது. பாதியா அறுத்தாத்தான் உண்டு. இல்ல, தையல் மெஷின எடுத்துடலாம்."

எடுத்துடலாமாம். யாருடைய மெஷினை யார் எடுப்பது? வாங்குகிறவர்களுக்கு அளவெடுத்துச் சொல்கிறான். அவர்களுக்குப் பெரிய கட்டில் இருக்கிறது. நல்ல வசதியான ஆட்கள்தான்.

மாவு ஒட்டிய கையோடு போய், "ஈரம் எவ்வளவு நீளம் இருக்கு, சார்?" என்று கேட்டேன். காது வரை சிவந்துவிட்டான். சின்ன வயதில் ஜாம் திருடி மாட்டிக்கொண்டாலும் இப்படித்தான் சிவப்பான்.

மே 3, வெள்ளி

வேலி ஓரத்தில் மேவிஸும் டென்ஷமும். அவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள், அவர் தலையாட்டுகிறார். என்னைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். டென்ஷம், "நல்ல வெயில் இல்ல?" என்றார். தூறிக்கொண்டிருந்தது.

மேவிஸின் மகன் டீன் பெண்டாட்டியோடு வயல் ஓரத்தில் ஒரு பழைய கேரவனில் இருக்கிறான். பெண்டாட்டிக்கு மாதம் ஆறு. வீடு வேண்டும் என்று மேவிஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புகிறாள். அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு என்றால் கசக்குமா?

இல்லை. மேவிஸ் அப்படிச் செய்யமாட்டாள்.

ஏன் செய்யமாட்டாள்?

மே 4, சனி

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இல்லை, கேட்டது சரிதான்.

இருபத்தெட்டு வருஷமாக நடுச்சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் 'கெட்டில் கொதிக்குது, வா' என்று அர்த்தம். இன்று அவள் தட்டினாள். போனேன். டீயை என் முன்னால் வைத்தாள்.

"என் வீட்ட டீனுக்குக் கேட்டியா?"

"என்னது?"

"அந்த டென்ஷம்கிட்ட. நான் பாத்தேன் மேவிஸ்."

கெட்டிலை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "பைத்தியமாடி உனக்கு?"

"பின்ன என்ன பேசின? சொல்லேன்."

"சொல்லமாட்டேன். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு என்னப் பாத்து இதக் கேட்டல்ல, இப்ப சொல்லவே மாட்டேன். டீயக் குடிச்சிட்டுப் போ."

குடிக்காமல் வந்தேன். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் எதற்குச் சொல்லமாட்டேன் என்கிறாள்?

மே 5, ஞாயிறு

கோயிலில் மேவிஸ் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது.

மே 8, புதன்

சரி. அவர்கள் அடிக்காவிட்டால் என்ன? எனக்குக் கை இல்லையா?

ஆல்ஃபிக்குப் பன்றிக்கறி அடைத்த ரொட்டி ஒன்று சுட்டுக் கொடுத்தேன். மிச்சம் இருந்த பச்சை டப்பாவை என் கொல்லைப்புறத்தில் 'மறந்து' வைத்துவிட்டுப் போனான். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, டெட்டின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு என் கதவுக்கு நானே பச்சை அடித்தேன். ஜன்னல் சட்டத்துக்கும் அடித்தேன். முழங்கை வரை பச்சை. மேவிஸ் வீட்டுத் திரைச்சீலை ஆடியது. ஆடட்டும்.

இப்போது ஏழும் ஒன்றுபோல இருக்கிறது. எது மாளிகை வீடு, எது இல்லை என்று எவன் வந்து சொல்வான், பார்க்கலாம். பல வாரம் கழித்து இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மே 10, வெள்ளி

டென்ஷம் காரில் போனவர் என் வாசலில் நிறுத்திக் கதவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மே 18, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிபோல முன்கதவைத் தட்டும் சத்தம். மாளிகையம்மாதான் என்று நினைத்து இழுத்துத் திறந்தேன். ஒரு லண்டன் ஜோடி. அவனுக்குக் கூர்மூக்கு ஷூ, அவள் இடுப்பில் ஒரு குட்டி நாய்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும். எங்களுக்கு இருக்கறதுலயே இதுதான் பிடிச்சது" என்றாள் அவள். "உள்ள ஒரு தடவ பாத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"வாங்கறதுக்குத்தான்."

அப்படியானால் நான் நினைத்தது சரி! ஒரு வினாடி, கடவுள் மன்னிக்கட்டும், சந்தோஷமாகக்கூட இருந்தது. "இந்த வீடு விலைக்குன்னு யார் சொன்னது?"

அவன் சிரித்தான். "இன்னும் வெளிய சொல்லலையாம், எங்களுக்குத் தெரிஞ்சவர் வீடு விக்கற கம்பெனில இருக்கார். பச்சைக் கதவு வீடெல்லாம் விலைக்கு வருதுன்னார். விளம்பரப் படம் எடுக்கறதுக்காகப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்களாம். சீரியல்ல வந்த பச்சையாச்சே, அதுக்கே கூட்டம் வரும். ஒரு வீடு மட்டும் மாளிகையம்மாவே வெச்சுக்கறாங்களாம், அதுக்கு அடிக்கலன்னார். ஆனா நாங்க எண்ணிப் பாத்தா ஏழுமே பச்சையா இருக்கு."

"மாளிகை கல்யாண ஹோட்டல் ஆயிட்டா இந்தத் தெருவோட மதிப்பு எங்கயோ போயிடும்" என்றாள் அவள்.

நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. கதவைச் சாத்தினேன். சாத்தும்போது கையெல்லாம் பச்சை ஒட்டியது. இறுகிய கதவு, பெயின்ட் ஓரத்தில் இன்னும் காயவே இல்லை.

விட்டுப்போன வீடு இல்லை என்னுடையது. பிடித்துவைத்த வீடு. போவது அவர்கள் ஆறு பேரும்.

மேவிஸ்.

மே 19, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேவிஸ் தன் புதுப் பச்சைக் கதவின் பித்தளைப் பிடியை வினிகர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய் நின்று அழகு பார்த்தாள்.

என்னால் முடியவில்லை.

மே 20, திங்கள்

மாளிகைக்குப் போனேன். கால் பழக்கத்தில் சமையலறை வாசலுக்குத்தான் போனது. நின்றேன். திரும்பிச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய் மணியை இழுத்தேன். மணி எங்கே அடிக்கும் என்று எனக்குத் தெரியும், சமையலறை நடையில். ஓடி வந்து திறக்கத்தான் இப்போது அங்கே யாரும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து மாளிகையம்மாவே வந்து திறந்தார். முன்வாசலில் என்னைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எதையும் மறைக்கவில்லை. கூரை போய்விட்டது, மேற்குப் பக்கம் முழுக்க மரம் உளுத்துவிட்டது, பியர்ஸுக்கு இந்த இடமே வேண்டாம். ஹோட்டல்காரர்களுக்கு அந்த சீரியலில் வந்த நடனக்கூடம் வேண்டுமாம். நானூறு வருஷம் யார் யாரோ பிறந்து செத்த வீடு, கடைசியில் யாரும் ஆடாத ஒரு நடனத்துக்காக விலை போகிறது. தெருவிலுள்ள வீடுகளையும் சேர்த்து விற்றால்தான் கடன் தீரும். செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் திருநாளுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

"உங்க வீட்ட மட்டும் குடுக்கமாட்டேன்னுட்டேன். ரால்ஃப் வாக்குக் குடுத்தாரே."

காதில் விழுந்திருக்கிறது. ஞாபகமும் இருந்திருக்கிறது. என் மேலேயே வெட்கமாக இருந்தது. அப்போதுதான் அடுத்ததைச் சொன்னார்.

"அதோட, எனக்கும் ஒரு இடம் வேணுமே. அந்தச் சின்ன ரூம் எனக்குப் போதும். நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம். நீங்க எப்பவும்போல எல்லாம் பாத்துப்பீங்க."

எப்பவும்போல!

படி, வெயில், வெந்நீர், கட்டில். எல்லாம் இதற்குத்தான். வீட்டை மட்டுமா பிடித்து வைத்தாள்? என்னையும் சேர்த்துத்தானே பிடித்து வைத்திருக்கிறாள்! காலையில் தட்டு, மதியம் தட்டு, ராத்திரி வெந்நீர்ப் பை. எனக்கு அறுபத்தேழு ஆகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா?

"யோசிச்சுச் சொல்றேன், மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்வாசல் வழியாகவே வந்தேன்.

மே 21, செவ்வாய்

டென்ஷம் சொல்லி மேவிஸுக்குத் தெரியக்கூடாது. நான்தான் சொல்ல வேண்டும். சுவரில் தட்டினேன். பதில் இல்லை. நேரே போனேன். வாசலில் வைத்தே சொன்னேன், உள்ளே கூப்பிடவில்லை அவள். முழுவதையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமதான். சத்தியமா."

"பொய். மாளிகையம்மா உன் வீட்டுக்கு வந்து கேக் தின்னுட்டுப் போனா. அவ புள்ள வந்து அளவெடுத்துட்டுப் போனான். உனக்குத் தெரியாதா? எங்க யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான நீயே உன் கதவுக்குப் பச்சை அடிச்ச?"

அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் நினைத்திருப்பேன். அதைவிட மோசமாக நினைத்திருப்பேன்.

"நான் டென்ஷம்கிட்ட என்ன பேசினேன்னு கேட்டல்ல, இப்ப சொல்றேன் கேட்டுக்கோ. 'அவ கதவயும் அடிச்சு விடுங்கய்யா, தூக்கம் கெட்டுத் திரியறா, பாக்க சகிக்கல'ன்னு கெஞ்சிட்டிருந்தேன். உனக்காக. போதுமா?"

கதவைச் சாத்தினாள். பளபளவென்று இருக்கிற அந்தப் பிடி என் மூக்குக்கு முன்னால்.

ஜூன் 6, வியாழன்

ஆறு வீட்டுக்கும் நோட்டீஸ் வந்துவிட்டது.

கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது. ஊரே என்னை உளவாளி என்கிறது. இத்தனை மாதம் நான் எல்லோரையும் பார்த்த அதே பார்வையை இப்போது எல்லோரும் என்மேல் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது!

ஜூன் 15, சனி

கதவைச் சுரண்ட ஆரம்பித்தேன். என் பச்சைக்குக் கீழே பழைய பச்சை, அதற்குக் கீழே இன்னொரு பச்சை. நூறு வருஷப் பச்சை. மாலைக்குள் மரம் தெரிந்தது. ஊதியிருந்த ஓரத்தையும் இழைப்புளி போட்டுச் சீவிவிட்டேன். இப்போது விரலால் தள்ளினாலே திறக்கிறது.

வெறும் மரமாகவே இருக்கட்டும். யாரும் வந்து விலை கேட்கமாட்டார்கள்.

ஜூலை 4, வியாழன்

மாளிகையம்மாவிடம் பதில் சொன்னேன். இத்தனை வாரம் அதை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தேன்.

"மேவிஸோட வீட்ட மட்டுமாவது நிறுத்த முடியுமா, மேடம்?"

"கையெழுத்துப் போட்டாச்சு, மிஸஸ் டாமர். முடியாது."

"அப்படின்னா ஒண்ணு சொல்றேன். வீடு உங்களுது. இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க வந்தா என் வீட்டுக்கு வர்றீங்க. நான் தட்டு தூக்கமாட்டேன். உங்க டீய நீங்கதான் போட்டுக்கணும். வியாழக்கிழமதோறும் மேவிஸ், எங்க இருந்தாலும், பஸ் ஏறி வருவா, மதியம் எங்களோட சாப்பிடுவா. மூணு தட்டு. நீங்களும் ஒரு கை குடுக்கணும். இது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் வேற இடம் பாத்துக்கறேன்."

மேவிஸ் வருவாளா என்று மேவிஸிடமே நான் இன்னும் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.

மாளிகையம்மா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒரு முட்டை வேக வைக்கக்கூடத் தெரியாதே" என்றார்.

"கத்துக்கலாம், மேடம்."

அவ்வளவுதான். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்த ஜாதியே இப்படித்தான், எதையும் வாய்விட்டுச் சொல்லாது. சம்மதமா? கோபமா? வீட்டுச் சாவி அவளிடம் இருக்கிறது. ஒருநாள் வந்து திறந்துகொண்டு உள்ளே நுழைந்து, "டீ எங்கே, மிஸஸ் டாமர்?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்?

ஆகஸ்ட் 22, வியாழன்

மேவிஸுக்குப் பக்கத்து டவுன் வெல்பரியில் நகராட்சி ஃப்ளாட் கிடைத்திருக்கிறதாம். மூன்றாவது மாடி. டீனுக்கும் அதே ஊரில். கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அவள் சொல்லவில்லை.

பழைய செய்தித்தாள்களை ஒரு கட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக் கதவில் போய் நின்றேன். பார்த்தாள். நகர்ந்து வழி விட்டாள். எதிரெதிரே உட்கார்ந்து கோப்பைகளைச் சுற்ற ஆரம்பித்தோம். பாதிப் பெட்டி நிறைந்தது.

"மன்னிச்சிடு மேவிஸ்" என்றேன்.

"எதுக்கு?" ஒரு தட்டை எடுத்தாள். "நீ சந்தேகப்பட்டது தப்பில்ல. தப்பான ஆளச் சந்தேகப்பட்ட, அவ்ளோதான்." அதைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "நானும்தான்" என்றாள்.

அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். நீலப்பூப் போட்ட பால் குடுவை ஒன்று கை தவறி உடைந்தது, அதற்கும் சேர்த்து அழுதோம்.

வியாழக்கிழமை சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தம்மா எனக்கு உருளைக்கிழங்கு எடுத்து வைக்குமா? நீ கண்ணால பாத்தியா? எனக்கு நம்பிக்கை இல்ல."

எனக்கும் இல்லை.

செப்டம்பர் 28, சனி

சாயங்காலம் சுவரில் இரண்டு தட்டு. போனேன். வீடு காலி. தரையில் உட்கார்ந்து, மூட்டை கட்டாமல் விட்ட இரண்டே கோப்பைகளில் டீ குடித்தோம்.

செப்டம்பர் 30, திங்கள்

நேற்றோடு எல்லோரும் போய்விட்டார்கள். மேவிஸ் வீட்டை வாங்கியது அந்தக் கூர்மூக்கு ஷூவும் குட்டி நாயும்தான். இன்று காலையே குடிவந்து கதவுப் பிடியை மாற்றிவிட்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

இன்று மாளிகையம்மா வரும் நாள் என்று டென்ஷம் சொல்லியனுப்பியிருந்தார். நேரம் சொல்லவில்லை. பாதியாக அறுத்த கட்டில் நேற்றே வந்து சின்ன ரூமில் நிற்கிறது. தையல் மெஷின் என் கட்டிலுக்குப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் இடிக்கிறது.

மேவிஸ் மதிய பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். வெறும் மரக் கதவைத் தடவிப் பார்த்து, "என்ன கலர் அடிக்கப்போற?" என்று கேட்டாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். மூன்று தட்டு எடுத்து வைத்தேன். பிறகு ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தேன். மறுபடி எடுத்து மேசையில் வைத்தேன். மேவிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாவி போட்டுத் திறந்துக்கிட்டுதான் வருவா, பாரு" என்றேன். "இல்லன்னா முன்கதவத் தட்டிட்டு, நான் போய்த் திறக்கணும்னு நிப்பா."

"அப்படி வந்தா என்ன பண்ணுவ?"

பதில் சொல்வதற்குள் கார் வந்து நிற்கும் சத்தம். கார்க் கதவு சாத்தும் சத்தம். நான் முன்கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன், விரலால் தள்ளினால் திறக்கிற கதவு. காலடி வாசற்படி வரை வந்தது. நின்றது. அப்புறம் ஜன்னலைக் கடந்து போனது. சாம்பல் நிறத் தொப்பி ஒன்று சட்டத்துக்கு மேலே தெரிந்து மறைந்தது.

எங்கே போகிறாள்? டெட்டின் கொட்டகையைப் பார்க்கவா? அதற்கும் அளவெடுக்கவா?

சமையலறைப் பக்கம் கொல்லைக் கதவில் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. முப்பத்தோரு வருஷம் மாளிகையின் பின்வாசலில் நான் எப்படித் தட்டினேனோ அதேபோல.

மேவிஸ் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

"போய்த் திற. யாரோ வேலை கேட்டு வந்திருக்காங்க போல."

திறந்தேன். மாளிகையம்மா கால்மிதியில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றார். கையில் ஆறு முட்டை வைத்த அட்டைப் பெட்டி.

"உள்ள வரலாமா, மிஸஸ் டாமர்?"

"ஹெட்டின்னே கூப்பிடுங்க" என்றேன். முட்டைகளை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.